வீட்டுக்குப் போகும் வழி

என் கையெழுத்து கோணல், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுக்கவும்.

கேகாலையில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் நான் காவல்காரன். சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் தாங்கள் வரைந்ததைக் கேமரா வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அவர்களில் ஒல்லியான ஒருத்தி, காட்டுவதற்கு முன் தாளை ஒருமுறை ஊதுவாள். ஒருநாள் அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள், வீட்டுக்குப் போகும் வழியை வரையச் சொன்னார்கள். அவள் றப்பர் மரம், பாலம், ராணுவம் காவல் நிற்கும் ஆமி சென்ட்ரி எல்லாம் வரைந்தாள்.

"சென்ட்ரிய அழிச்சிரும்மா. வேவு பாக்கிற மேப்புன்னு சொல்லுவாங்க."

"அது இல்லாம எங்க ரோடு ஏது மாமா? சரியான பயந்தாங்கொள்ளி நீங்க! செவுத்துல ஒட்டுங்க."

அவள் அதை ஊதிக் கேமராவில் காட்டி முடித்ததும் ஒட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாதாரண உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். "அழகா இருக்கே" என்று சிங்களத்தில் சொல்லிப் படத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவள் பெயரும் லயத்து வீட்டு இலக்கமும் அதிலேயே இருந்தன.

அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. திரையில் வெளிநாட்டுப் பிள்ளைகள், அவள் ரோட்டில் தாங்கள் நடந்து வருவதாக வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். காலி நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றேன்.

2009 மார்ச் 8