கூரையில் இருந்த பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குச் சம்பந்தி என்று பட்டப்பெயர். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் பெண்ணைக் கொடுத்த வீட்டார் போல வாசலுக்கே ஓடிவிடுவாள். வேலையும் அப்படித்தான். நட்பு நாடுகள் போட்டி நாட்டின் தொலைபேசி, இணையக் கருவிகளை வாங்காமல் உள்நாட்டுக் கருவிகளை வாங்கவேண்டும். அதற்கு அரசாங்கம் தரும் நீண்டகாலக் கடன், பயிற்சி எல்லாவற்றையும் பேசி முடிக்கவேண்டும்.

ஏற்கெனவே இரண்டு நாடுகள் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்தன. அடுத்துப் பேச வரும் தீவு நாடும் போனால் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். கூட்டத்தன்று காலை அவள் செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பியதைப் பார்த்த கணவன், சம்பந்தி வீட்டாரை நல்லபடியாக அனுப்பிவிட்டு வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

கூட்டம் நன்றாகத்தான் போனது. தீவிலிருந்து வந்திருந்த தலைமைப் பொறியாளர், நரைத்த முடியைக் கத்தரித்திருந்த அம்மாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். கூரையில் இணையத்துக்கான வெள்ளைப் பெட்டி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

“அது உங்க போட்டி நாட்டோடதுதானே?”

மேஜைக்கொடி, பேனா, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் சரிபார்த்த சம்பந்தி அண்ணாந்து மட்டும் பார்க்கவில்லை. சோதனைக்காக மாட்டியது என்று இயக்குநர் சமாளித்தார். அந்த அம்மாள் கிளம்புவது போலப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“இல்லங்கம்மா, அவங்களோடதுதான்” என்றாள் சம்பந்தி. “விலை குறைவுன்னு நாங்களேதான் வாங்கினோம். இப்ப ஒண்ணைக் கழட்டினா மத்ததோட வேற கம்பெனிப் பெட்டி எதுவும் சேர மாட்டேங்குது. கட்டடம் பூரா மாத்த வேண்டியிருக்கு, மூணு வருஷமா மாத்திட்டே இருக்கோம். நீங்க இன்னும் ஒண்ணுமே மாட்டலை. அதான் இப்பவே சொல்றேன்.”

“உங்களோடதை வாங்கினா மட்டும்? நாளைக்கு வேற ஆளைத் தேடினா உங்க பெட்டி ஒத்துப்போகுமா?”

“ஒத்துப்போகும். ஒப்பந்தத்துலயே எழுதித் தர்றோம். ஒத்துப்போகலைன்னா, மிச்சக் கடனை நீங்க கட்ட வேண்டாம்.”

அப்படிச் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. இயக்குநர் அவளைப் பார்வையாலேயே எரித்தார். கருவிகள் ஒத்துப்போகும் என்பது அவருக்கும் தெரியும். சோதித்துக் கையெழுத்திட்டவரே அவர்தான். எழுதித் தர யாருக்கும் தைரியம் வந்ததில்லை, அவ்வளவுதான். கடைசியில் இயக்குநர் சரி என்று தலையசைத்தார். அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தார்.

தீவு கையெழுத்திட்டது, பிரிவும் பிழைத்தது. யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாய் என்று மேலிடம் அவளிடம் விளக்கம் கேட்டபோது, தான் சொல்லித்தான் பேசினாள் என்று இயக்குநர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

“இனிமே எதைச் சொல்றதா இருந்தாலும், முன்னாடியே எனக்கு ஒரு கண்ஜாடை காட்டிடும்மா.”

“காட்டியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க சார்.”

“ஆமா, சொல்லியிருப்பேன்” என்றார்.