முப்பத்தெட்டாம் நம்பர் காலணி

காலை 5.40. கோயம்பேட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்தில் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு அறுபது ரூபாய், பயணம் மூன்றரை மணி நேரம். என் மனைவி செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு ரப்பர் பந்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிசைந்துகொண்டே வந்தாள். செயற்கைச் சுவரில் பதித்த பிடிகளைப் பற்றி ஏறும் போட்டிக்குப் போகிறாள். வயது முப்பத்தொன்று. எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். பெண் பார்க்கப் போனபோது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

அவள் பிறந்தது ரெட்டியார்பாளையத்தில். அங்கே செருப்புக்கடை வைத்திருக்கும் தனராசுதான் இந்த முறை அவளுக்கு ஸ்பான்சர். முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால், அவரும் கடைத்தெருக்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து அவளைப் பெங்களூரில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அனுப்புவதாகப் பேச்சு. என் சம்பளத்தில் அது நடக்காது.

9.20. பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்தோம், ஐம்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் செல்வியின் தோள்களைப் பார்த்தார்.

"கபடியா, அக்கா?"

"செவுரு ஏறுறதுண்ணா."

"அதுக்குப் பரிசு வேற தர்றாங்களா? எங்க தெருவுல ஏறுனா புடிச்சிக் கட்டி வைப்பாங்க."

கடையில் தனராசு வெற்றிலை, பழம் வைத்த தட்டிலேயே புதுக் காலணியையும் வைத்திருந்தார். தட்டில் போய் இதை வைக்கலாமா என்று அவர் மனைவி முணுமுணுத்தார். "நமக்குச் சோறு போடுறது இதான?" என்றார் தனராசு. டில்லியிலிருந்து வரவழைத்த, மலையேறுபவர்கள் போடும் காலணி.

"ஒன்னாங்கிளாசுலேர்ந்து உன் கால எனக்குத் தெரியும்மா. முப்பத்தேழு. ஒரு நம்பர் கூடத்தான் வாங்கிருக்கேன். வெரலுக்கு எடம் வேணும்ல."

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பர் கூட்டிக் கொடுப்பது அவர் கடையின் வழக்கம். சுவர் ஏறுபவர்களுக்கோ விரல்கள் மடங்கி வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். செல்வி போட்டுப் பார்த்தாள். "சரியா இருக்கு மாமா" என்றாள். தட்டில் வைத்துக் கொடுத்ததை வேறு எப்படிச் சொல்வது?

பகல் 1.00. நெல்லித்தோப்பு அருகே ஒரு மைதானம். இரும்புக் குழாய்களில் நிறுத்திய சுவர் நாற்பதடி இருக்கும். இரண்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தாள்.

3.30. இறுதிச் சுற்றுக்கு முன் என்னிடம் வந்தாள்.

"பழசைக் குடுங்க. இதுக்குள்ள கால் நிக்க மாட்டேங்குது."

பழைய ஜோடி என் பையில் இருந்தது. கட்டைவிரல் பக்கம் கிழிந்து, நானே தைத்துக் கொடுத்தது. தனராசு கடைத்தெருக்காரர்கள் நாலு பேரோடு, வேட்டி மடிப்புக் கலையாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் எதிர்லயே கழட்டினா மனுஷன் மனசு என்ன ஆகும்? மூணாவது எடத்துலதான இருக்க, சமாளிச்சுடலாம்" என்றேன்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு குனிந்து பட்டையை இறுக்கினாள்.

உச்சிக்கு நாலடி இருக்கும்போது, சுண்டைக்காய் அளவுப் பிடி ஒன்றில் கால் வைத்தாள். காலணி அங்கேயே நின்றது; உள்ளே கால் மட்டும் திரும்பியது. கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கினாள். நான்காவது இடம்.

தனராசு மெல்ல வந்து, கடையில் வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல அவள் காலணியின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் அமுங்கிப் போயிற்று.

"ஏம்மா சொல்லல?"

அவள் குனிந்து பட்டையைத் தளர்த்தினாள். கடைத்தெருக்காரர்கள் அதற்குள் கிளம்பிவிட்டார்கள்.

மாலை 6.10. பேருந்து நிலையத்தில் நிற்கும்போது தனராசு வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் கால் அளவெடுக்கும் பலகை.

"பெங்களூருக்கு அவங்கல்லாம் கைய விரிச்சிட்டாங்க. நான் ஒண்டியா முடியாதும்மா. அடுத்த வருசத்துக்காவது சரியா வாங்கித் தர்றேன். கால வை. வெரல எப்படி மடக்கணுமோ அப்படியே மடக்கி வை."

அத்தனை கூட்டத்திற்கு நடுவில் செருப்பைக் கழற்றி, விரல்களை மடக்கி, பலகையில் கால் வைத்தாள். அவர் குனிந்து பென்சிலால் கோடு போட்டார். அடுத்த வருடம் அவளுக்கு முப்பத்திரண்டு.

பேருந்து மரக்காணம் தாண்டியது. சென்னையில் என் மேலதிகாரி முதல் பால்காரர் வரை யார் மனமும் கோணாமல் நடப்பவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு. அன்று வெட்கமாக இருந்தது. தனராசு தன் தவறை அளந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னுடையது, கட்டைவிரல் பக்கம் தைத்த அந்தப் பழைய ஜோடியாக, என் மடிமேல் பையில் இருந்தது.