ஷூவுக்குள் செத்துக் கிடந்த சிலந்தி

சிலந்தியின் பிணத்தை டிபன் பாக்ஸில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். டாக்டர் பாக்ஸுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தார்.

மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து, பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினேன். ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. சர்க்கரை இருப்பதை அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மெஷினை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயம். இரும்பில் முடியளவு பிசிறு இருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வது வேறு. விரல் அப்படி. கால் எப்படி என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸில் ரத்தம். பெருவிரலுக்கு அடியில் கறுப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை. ஷூவைத் தட்டினேன். நசுங்கிய சிலந்தி ஒன்று விழுந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் போடுவார்கள். நான் கழற்றிய பிறகு தட்டுகிற ரகம். எப்படியோ குற்றவாளி கிடைத்துவிட்டது, வழக்கை அங்கேயே முடித்துவிட்டேன்.

பக்கத்து மெஷின் மஞ்சுநாத் கன்னடக்காரன், யாரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவான். குனிந்து பார்த்துவிட்டு, “குரு, அது உன்னக் கடிச்சுதா, நீ அதக் கடிச்சியா? அதுதான செத்துக் கெடக்குது” என்றான். எல்லோரும் சிரித்தோம். அதிலிருந்த நியாயம் எனக்கு உறைக்கவில்லை.

சொந்த ஊர் கல்லாவி. அங்கே விஷக்கடிக்கு வேப்பிலை அடித்துப் பத்தியம் சொல்கிறவர் ஒருவர் உண்டு, அவரிடம் போனேன். உப்பு, புளி ஆகாது. பச்சரிசிக் கஞ்சியும் வெல்லமும்தான் என்றார். எனக்குச் சர்க்கரை என்று அவரிடமும் சொல்லவில்லை. பல வருஷமாக டாக்டர்கள் தடுத்து வைத்திருந்த வெல்லம் இப்போது மருந்தாகவே வந்துவிட்டது. இரண்டாவது கட்டியும் கேட்டு வாங்கித் தின்றேன்.

“ஏங்க, கடிச்சா வலிக்கணுமில்ல? உங்களுக்கு ஏன் வலிக்கவே இல்ல?” என்றாள் என் மனைவி சுமதி. விஷம் ஏறாத உடம்பு என்று மீசையை முறுக்கினேன். பிறகு வீட்டில் ஒரு நாற்றம் வந்தது. ரசம் கெட்டுவிட்டது என்று அவளைத்தான் குறை சொன்னேன். காய்ச்சல் வந்து முழங்கால் வரை சிவந்தபோது அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டாள். சாட்சிக்கு எடுத்து வைத்திருந்த சிலந்தியை நான் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் புண்ணைக் கிளறிச் சுத்தம் செய்தார். இடுக்கியிலிருந்து ஏதோ ஒன்று தட்டில் ‘ணங்’ என்று விழுந்தது. லேத்தில் சுருண்டு தெறிக்கும் இரும்புச் சீவல், நகக்கண் அளவு.

“இதாங்க உங்க சிலந்தி” என்றார்.

எனக்கு வந்திருந்தது நியூரோபதி (சர்க்கரையால் நரம்பு உணர்விழப்பது). கால் மரத்துப்போனதால் இரும்பைப் பல நாள் மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அது கேங்க்ரீன் (சதை அழுகல்) வரை போய்விட்டது.

அவர் விளக்கியதை உங்களுக்காக எழுதுகிறேன். நம் பக்கத்துச் சிலந்திகளில் பெரும்பாலானவை பெரிய புண் எதுவும் உண்டாக்காது. கடித்தால் பெரும்பாலும் அப்போதே சுருக்கென்று தெரியும். வீக்கமும் சில நாளில் வடிந்துவிடும். சிலந்திக்கடி என்று நாம் நினைப்பது பல நேரம் வேறு நோயாக இருக்கும். உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டைபோலக் கொப்புளம் வந்து எரிந்தால் அது அக்கியாக இருக்கலாம். வலியில்லாத கறுப்புப் பொருக்கோடு காய்ச்சலும் சேர்ந்தால் ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்து வருவது) என்று சந்தேகிப்பார்கள். சிவப்பு பரவி, சூடாகி, சீழ் வைத்தால் செல்லுலைட்டிஸ் போன்ற கிருமித்தொற்று (தோலுக்கு அடியில் பரவுவது). கடித்ததைக் கண்ணால் பார்க்காதவரை சிலந்தி மேல் பழி போடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலிக்காத புண்தான் பயப்பட வேண்டிய புண்.

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதி. கடைசியில் முழங்காலுக்குக் கீழே முழுவதும். சம்மதக் கையெழுத்துப் போடும்போது, தவணை முறையில் போகிறேன் என்று சிரித்துச் சொன்னேன். சுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அவளிடம் வேடிக்கை பேச எனக்கு வாய் வரவில்லை.

இருந்தபோது ஒன்றுமே சொல்லாத கால் இப்போது ஓயாமல் பேசுகிறது. இல்லாத பெருவிரலுக்கு அடியில் இரும்பு குத்துகிறது. சொறியக் குனிகிறேன், கையில் போர்வைதான் தட்டுப்படுகிறது. தொழிற்பேட்டைச் சங்கு ஊதும்போதெல்லாம் அந்தக் கால்தான் முதலில் எழுந்திருக்கப் பார்க்கிறது. சங்குகளுக்கு நடுவில் இருக்கிற பொழுதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் தைரியம் வந்து ஷிப்ட் இன்சார்ஜுக்குப் போன் செய்தேன். இனிமேல் எனக்கு ஒற்றை ஷூ போதும், கம்பெனிக்கு மிச்சம்தான், உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. என்னுடையதும் அதில் இருந்தது.

“நின்னு பாக்கற வேலதான் இருக்குது.”