பூ கேட்காமல் இறங்கிய மலை

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதுகளும் என் கைச் சோற்றில் ஆளானதுகள். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் இது மெதுவாகத்தான் போகும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் போன பிறகு சேந்தமங்கலத்துப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ஒரு எருமை, ஒரு மொபெட். காலையில் கறந்து, கேனை வண்டியில் மாட்டி, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவேன். திருப்பூரில் இருக்கும் பெரியவனுக்கு இது பிடிக்கவில்லை.

"எருமையையும் வண்டியையும் வித்துப்போட்டு, ஊட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துருங்கம்மா. ராத்திரி போன் அடிச்சு நீங்க எடுக்கலைன்னா எனக்கு நெஞ்சு அடைக்குது" என்றான்.

நல்ல பிள்ளை. மருமகளும் தங்கம். ஆனால் அங்கே மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? வரமாட்டேன் என்றேன். அவன் விடவில்லை. கடைசியில் மலைமேல் இருக்கும் எங்கள் குலசாமி பெரியசாமியிடம் பூ கேட்டு முடிவு செய்யலாம் என்றான்.

எங்கள் பக்கத்தில் மனிதருக்கு முடிவு எட்டாததைச் சாமியிடம் பூ வைத்துக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைக்க வேண்டும். கேட்பவர் மனதில் நினைத்துக்கொள்ள, இன்னொருவர் ஒரு மடிப்பை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். பிள்ளைகள் கல்யாணம், கிணறு வெட்டியது எல்லாம் அப்படிக் கேட்டதுதான். கேட்டதெல்லாம் வீட்டுக்காரர். நான் பின்னால் தேங்காய்த் தட்டோடு நிற்பேன். சாமியோடு எனக்கு நேர்ப் பேச்சே இருந்ததில்லை.

"சாமி வரச் சொல்லிட்டா வந்தரோணும். பேச்சு மாறக் கூடாது" என்றான்.

"மாறமாட்டேன். ஆனா நான் ஒருத்தியாத்தான் மலைக்குப் போவேன். நீ வந்தா சாமிகிட்டயும் நீயே பேசுவ."

நான் பஸ்ஸில் போவேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். நான் மொபெட்டுக்குப் பெட்ரோல் போட்டு வைத்தேன்.

காரவள்ளியில் மலை ஏற்றம் ஆரம்பிக்கிறது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு ஏறினேன். பூ மடிப்பு இரண்டும் முன்பையில் இருந்தன. இத்தனை வருஷமும் இந்த எழுபது வளைவையும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறியவள் நான். அன்று ஒரு குமட்டல் கூட இல்லை. நாமே ஓட்டினால் வராது போலிருக்கிறது.

வழியெல்லாம் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றுதான் இருந்தேன். வளைவு அதற்கு விடவில்லை. வாயில் வேறு பேச்சுத்தான் வந்தது. "பெரியசாமி, எதிர்ல ஒண்ணும் வராமப் பாத்துக்கோ." தாண்டியதும், "சரி, இது ஆச்சு, அடுத்ததையும் பாரு." அப்படியே பேச்சு நீண்டது. எருமை சினையாக இருப்பதைச் சொன்னேன். கன்று ஈனும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அது யாரையும் கிட்டே விடாது என்றேன். மழை முடிந்ததும் கூரை ஓடு மாற்ற வேண்டும் என்றேன். வீட்டுக்காரரின் கட்டிலை இன்னும் எடுத்துப் போடவில்லை என்பதையும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வளைவில் கீழே இறங்கும் பஸ் ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏனுங் அம்மாயி, பஸ் இருக்கறப்ப இதென்ன ரேஸுங்களா?"

"ரேஸுதான் சாமி. மொதல்ல உன்ற பஸ்ஸ ஒதுக்கு, நான் ஜெயிக்கோணும்."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் பின்னுக்கு எடுத்து வழி விட்டார்.

பாதி மலைக்கு மேல் வண்டி சூடேறி நின்றுவிட்டது. ஆறட்டும் என்று ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தேன். மேகம் ரோட்டைக் கடந்து போனது, முகம் நனைந்தது. மேகம் விலகினதும் கீழே வயலும் ஏரியும் தெரிந்தன. எங்கள் வீடு எங்கே என்று தேடினேன். அகப்படவில்லை. எனக்கும் மகனுக்கும் இவ்வளவு சண்டை அந்த வீட்டுக்காகத்தான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. "பாத்தியா பெரியசாமி?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், அடிவாரத்திலிருந்து ஒரு ஆள் கூட வருகிற மாதிரியே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. பயமாக இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததே இல்லை.

மேலே சோளக்காடு ஊரில் டீ குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் எங்கள் வகையறா கும்பிடும் சின்னக் கோயில். பூசாரி மடிப்பு இரண்டையும் வாங்கிச் சாமி முன்னால் வைத்தார்.

"மனசுல ஒண்ணே ஒண்ணு நெனச்சுக்குங்க. எடுக்கட்டுங்களா?"

கண்ணை மூடினேன். கேள்வி வரவில்லை. கூச்சம்தான் வந்தது. மலையடிவாரத்திலிருந்து கூடப் பேசிக்கொண்டு வந்தவரிடம், வாசலுக்கு வந்ததும் அந்நியம் மாதிரி மடிப்புப் போட்டா கேட்பது? எங்கே இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் நானே சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். எருமைக்கும் ஓட்டுக்கும் நடுவில் திருப்பூர் ஒரு தடவை கூட வரவில்லை.

"எடுக்க வேண்டாங்க. ரெண்டையும் பிரிச்சுச் சாமி காலுல போட்டுருங்க."

"அப்பக் கேள்விங்க?"

"வழியிலயே முடிஞ்சுபோச்சுங்க."

"இவ்வளவு தூரம் ஏறி வந்து பூ கேக்காமப் போறவங்கள இப்பத்தாங்க பாக்கறேன்."

"நல்லாப் பாத்துக்குங்க" என்றேன்.

இறங்கும் முன்னால் பெரியவன் போன் செய்தான். "பூ என்னம்மா வந்துச்சு?" என்றான். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இன்றைக்குப் பெண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறான். நான் வாயைத் திறந்தால் பாதியில் மறித்துப் பேசுவான் என்பதால்தான் எழுதி வைத்தேன். நான் இங்கேதான் இருப்பேன். ராத்திரி தினமும் நானே போன் அடிக்கிறேன், அவனுக்கு நெஞ்சு அடைக்க வேண்டாம். கை நடுங்கி வண்டி பிடிபடாத நாளில், சாவியை நானே கொண்டுவந்து அவன் கையில் கொடுப்பேன். அதற்கும் பூ கேட்க வேண்டியதில்லை.

கண்ணு, இங்க வா. இதை அப்பத்தாவுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு. உங்கப்பன் நடுவுல பேசினான்னா நிறுத்திப்போட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து படி.