மணமேடையில் நான்கு மணி நேரம்

நெடுஞ்செழியன் தூங்குமூஞ்சி என்பது விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மல்லாட்டை எனும் வேர்க்கடலை ஆயும்போது கையில் செடியோடு உட்கார்ந்தபடியே தூங்குவான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குத் தாளின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கினான். அப்பாவின் காரியத்தன்று பந்தல் காலில் சாய்ந்து தூங்கியதைப் பங்காளிகள் இன்றுவரை மறக்கவில்லை.

அவனுடைய அம்மா அஞ்சம்மாள் மகனைப் பூசாரியிடம் அழைத்துப் போனாள். ராத்திரியில் பையன் நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்காருகிறது என்று பூசாரி சொல்லி, ஒரு கறுப்புக் கயிற்றை மந்திரித்துக் கட்டினார். கயிறு கழுத்துக்கு வெளியே கிடந்தது. அடைப்போ தொண்டைக்கு உள்ளே இருந்தது. இருபது ஆண்டுகள் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

விழுப்புரத்தில் கேட்டரிங் படித்து, புதுச்சேரி விடுதிகளில் படுக்கை விரித்துப் பழகி, முப்பது வயதில் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் அறைப் பணியாளனாகச் சேர்ந்தான். பதினாறு அறைகள் அவன் பொறுப்பு. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஒவ்வொன்றையும் புத்தம் புதிதாக்க வேண்டும். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வீடு என்பது திண்டிவனத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடிப் போர்ஷன். மனைவி கவிதா அந்த ஊரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள்.

கப்பலுக்கு வரும் பயணிகளில் சிலர் சாம்பல் நிறப் பையொன்றைக் கையோடு கொண்டுவருவார்கள். உள்ளே சிபேப் எந்திரம் இருக்கும். மூக்கில் ஒரு மாஸ்க், அதிலிருந்து நீளும் குழாய், குழாயின் முனையில் ஒரு சிறு பெட்டி. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்றுவிடுகிற நோய் உள்ளவர்களுக்கு, அது காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். கப்பல் அறையில் பிளக் பாயின்ட் கண்ணாடி மேசைக்கு அருகேதான் இருக்கும். கட்டில் எட்டடி தள்ளிக் கிடக்கும். பயணிகள் தங்கள் வயரைக் கொண்டுவரக் கூடாது, தீ பிடிக்கும் என்று தடை. ஆகவே அவர்கள் ஏறுவதற்கு முன்பே பட்டியல் வந்துவிடும். பட்டியலில் உள்ள அறைகளில் நெடுஞ்செழியன் கப்பலின் நீள வயரைக் கட்டிலின் தலைமாடு வரை இழுத்து, கால் தடுக்காதபடி ஓரமாக ஒட்டி, எந்திரத்துக்கு ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு பாட்டில் வைப்பான். பதினோரு ஆண்டுகளாக இதைச் செய்தான். குனிந்து அந்த வயரைச் செருகியவனுக்கே அந்த நோய் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை பத்து மணிக்கு, ஓர் அறையில் பாதிப் படுக்கையை விரித்தவன், மீதியை விரிக்க மண்டியிட்டபடியே மெத்தையில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். அந்த அறையில் தங்கியிருந்த வயதான ஆசிரியை காலையுணவு முடித்துத் திரும்பி வந்தார். அவர் சத்தம் போடவில்லை. நின்று அவன் குறட்டையைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தோளைத் தொட்டு எழுப்பி, தூக்கத்தில் உனக்கு மூச்சு நின்றுவிடுகிறது, எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லி, மேசை மேலிருந்த தன் எந்திரத்தைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து நடையில் மேற்பார்வையாளர் வந்தார். ஆசிரியை அவனுக்காக வாதாடினார், பயனில்லை. பணி நேரத்தில் பயணியின் படுக்கையில் தூங்கியதாக எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை தூங்கினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவோம் என்றும் அதில் இருந்தது. பயணிக்கு வந்தால் அது நோய். அதற்கு வயர், தண்ணீர், புன்னகை எல்லாம் உண்டு. பணியாளனுக்கு வந்தால் அது ஒழுங்கீனம். மனிதத் தொண்டை எல்லாத் தளத்திலும் ஒன்றுதான் என்பதை அந்தக் கப்பலில் யாரும் படித்திருக்கவில்லை.

அக்டோபரில் வீடு திரும்பியதும் கவிதாவிடம் சொன்னான். அவள் ஒரு வாரத்துக்குள் அவனைப் புதுச்சேரிக்கு இழுத்துப் போய்த் தூக்கப் பரிசோதனை செய்ய வைத்தாள். முடிவு வந்த தாளைப் பேருந்திலேயே விரித்துப் படித்தாள்.

"மணிக்கு நாப்பத்தாறு வாட்டி மூச்சு நிக்குதுங்க. பத்து வருசமா பக்கத்துலயே படுத்துக்கினு, கொறட்டை கொறட்டைன்னு உங்களத் திட்டிக்கினு இருந்திருக்கேன், பாருங்க. மருந்துக் கடையில வேலைன்னு பேரு."

எந்திரம் வாங்கினார்கள். நான்காம் நாள் நெடுஞ்செழியன் காலையில் எழுந்து, தலை கனக்கவில்லையே, ஏதாவது கோளாறா என்று கேட்டான். நாற்பத்தொரு வயதில் அவன் முதன்முறையாகத் தூங்கியிருந்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் சென்னையில் கடற்பணி மருத்துவச் சான்று வாங்க வேண்டும். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போனிலேயே சொல்லிவிட்டான், மெஷின் கிஷின்னு அங்கே வாயைத் திறக்காதே, தகுதியில்லை என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று. புதுச்சேரி மருத்துவரோ நேர்மாறாகச் சொன்னார். எந்திரத்துக்குள் ஒரு சிறு அட்டை இருக்கிறது. எந்த நாள் எத்தனை மணி நேரம் மாஸ்க் போட்டீர்கள் என்று அது குறித்துவைக்கும். முப்பது நாள் விடாமல், நாளுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பதிவு இருந்தால், நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று நானே கடிதம் தருகிறேன். ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

மறுபடி எண்ண நாள் இல்லை. மருத்துவச் சோதனைத் தேதி டிசம்பர் நடுவில். அது தவறினால் அவன் இடத்துக்கு வேறு ஆள். எச்சரிக்கை வாங்கியவனை இரண்டாம் முறை யார் கூப்பிடப் போகிறார்கள்?

நெடுஞ்செழியன் எண்ணத் தொடங்கினான். தெருவுக்குத் தெரியக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாஸ்க்கைப் போட்டான். விடிந்ததும் எந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பதினெட்டு நாள் பழுதில்லாமல் போயிற்று.

பத்தொன்பதாம் நாள் புயல் கரையேறியது. கம்பங்கள் சாய்ந்தன, வயல்கள் ஏரிகளாயின, திண்டிவனமே இருட்டானது. வீட்டு இன்வெர்ட்டர் அன்று இரவை மட்டும் தாங்கிவிட்டு மறுநாள் காலை நின்றுபோனது. மின்சாரம் வர நான்கைந்து நாளாகும் என்றார்கள்.

அவர்கள் தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம். அதன் மேலாளர் விருத்தாசலம், தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் தெருக்காரர்கள் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை ஜெனரேட்டரை ஓட்டுவதாக அறிவித்தார். டீசல் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்ததால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் முடியாது என்றார். கவிதா போய்ப் பேசினாள். எந்திரம் இரவில்தான் ஓட வேண்டும் என்று எங்கும் எழுதியில்லையே என்பது அவள் வாதம். விருத்தாசலம் தலையைச் சொறிந்தார். கீழே எல்லாப் பிளக் பாயின்ட்டிலும் செல்போன்கள் காய்த்துத் தொங்கின. வீடியோ விளக்குக்காக மணமேடையில் வைத்திருந்த இரண்டு பிளக் பாயின்ட்கள்தான் மிச்சம்.

நெடுஞ்செழியன் முடியவே முடியாது என்றான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு போட்டதை ஊர் பார்க்க மேடையில் போடுவதா? கவிதா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள்.

"வெக்கத்த அந்த அட்டை எண்ணாதுங்க. மணி நேரத்ததான் எண்ணும். ஜல்தியா கெளம்புங்க."

பதினொன்றரைக்கு அவன் மணமேடையில் பாயை விரித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, மாஸ்க்கை மாட்டினான். கீழே நூற்றைம்பது பேர் இருந்தார்கள். செல்போன்களை விட்டு எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாப்ள ரெடி. மூர்த்தம் எத்தினி மணிக்குப்பா?"

"தும்பிக்கையோட வந்துகிறாரு. புள்ளையாருக்கா கல்யாணம்?"

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். காது எரிந்தது. ஜெனரேட்டர் இரைச்சலும் அந்தச் சிரிப்பும் கலந்து கேட்டுக்கொண்டே இருக்க, எப்போதோ தூங்கிவிட்டான். நான்கு மணிக்குக் கவிதா எழுப்பி, பெட்டியின் சிறு திரையைக் காட்டினாள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அரை மணி. மறுநாளும் அப்படியே போயிற்று.

மூன்றாம் நாள் வினை வந்தது. எதிர்வீட்டுச் செண்பகம் நல்ல மனசுக்காரி. முந்தின நாள் மேடையில் கிடந்தவனைப் பார்த்ததும் அவளுக்குக் கொரோனாக் காலத்தில் தன் அண்ணன் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்த கோலம் நினைவுக்கு வந்துவிட்டது. சார்ஜ் ஏறிய போனிலிருந்து முதல் அழைப்பாகக் கெடாருக்குப் பேசி, உங்கள் பிள்ளைக்குக் குழாய் வைத்துவிட்டார்கள், முகத்தையாவது வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அஞ்சம்மாள் விழுப்புரம் வரை பால் வண்டியிலும், அங்கிருந்து லாரியிலும், விக்கிரவாண்டி தாண்டி முட்டளவுத் தண்ணீரில் நடந்தும் வந்து சேர்ந்தாள். ஒன்றரை மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தவள், யார் தடுத்தும் நிற்காமல் மேடை ஏறி, மகன் முகத்திலிருந்த மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். அவன் திடுக்கிட்டு எழுந்தான். சாகக் கிடப்பதாக நினைத்த பிள்ளை எழுந்து உட்கார்ந்ததும் அழுகை வசவாக மாறியது. ஊரெல்லாம் கரன்ட்டில்லாமல் தவிக்கிறபோது சொகுசுக்கு மெஷின் வைத்துத் தூங்குகிறாயா, தூங்கித் தூங்கிப் படிப்பைக் கெடுத்தாய், இப்போது வேலையும் போகப் போகிறதா என்று அரை மணி நேரம் விடாமல் கேட்டாள். கவிதா விளக்க முயன்றது காதிலேயே ஏறவில்லை.

நெடுஞ்செழியன் அம்மாவின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பாதித் தூக்கத்தில் எழுந்தவன், தூணில் சாய்ந்தபடியே மறுபடி தூங்கிப்போனான். இம்முறை மாஸ்க் இல்லை.

குறட்டை எழுந்தது. கீழே சிலர் சிரித்தார்கள். கவிதா அவனை எழுப்பப் போய், கையை இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பேசாம கேளுங்க அத்தே."

குறட்டை ஏறிக்கொண்டே போய், சட்டென்று அறுந்தது. நெஞ்சு மட்டும் மேலும் கீழும் இழுத்தது, காற்று போகவில்லை. முதல் நாள் மூர்த்தம் கேட்ட அதே பின்வரிசைக் குரல், பழக்க தோஷத்தில் வேடிக்கையாக எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்துக்கு மேல் அந்தக் குரலில் வேடிக்கை இல்லை. பதினைந்தில் முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இருபத்திரண்டில் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. முங்கி எழுந்தவனைப் போல வாயைப் பிளந்து காற்றை இழுத்தான். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை தொடங்கியது, மறுபடி அறுந்தது.

பூசாரி இருபது ஆண்டுகளில் சொல்லாததை நூற்றைம்பது பேர் இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டார்கள். யாருக்கும் ஞானம் தேவைப்படவில்லை. காதும், எண்ணத் தெரிந்த வாயும் போதுமாயிருந்தன.

"மூச்ச வுட மாட்டேன்றானேடி" என்றாள் அஞ்சம்மாள். "சின்ன வயசுல இதே சத்தந்தான். அசந்து தூங்குறான்னு நெனச்சி நானு போர்வைய இழுத்து வுடுவேன்."

எறிந்த மாஸ்க்கை அவளே தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, எப்படி மாட்டுவது என்று மருமகளைக் கேட்டாள். மாட்டி முடிக்கும்போது மணி இரண்டு பத்து. அம்மா வரும் முன் இரண்டு மணி நேரம். இனி நான்கு மணி வரை ஒரு மணி ஐம்பது நிமிடம். பத்து நிமிடம் குறைகிறது. கவிதா விரல் விட்டு எண்ணியதை விருத்தாசலம் கவனித்தார்.

நான்கு மணிக்கு அவர் ஜெனரேட்டர் அறைக்குப் போகவில்லை. மேடைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நிறுத்தச் சொல்லி நினைவூட்டிய ஒருவரிடம் மட்டும் சொன்னார்.

"மாப்ள எழுந்திருக்கட்டும்யா. அப்பறம் பேசலாம்."

நாலரை வரை ஓடியது. மின்சாரம் ஐந்தாம் நாள் மாலை வந்தது.

சென்னையில், மருத்துவச் சோதனை நடக்கும் இடத்து வாசலில் ஏஜென்ட் காத்திருந்தான். படிவத்தில் தூக்கம் தொடர்பான நோய் உண்டா என்று ஒரு கேள்வி வரும், இல்லை என்று போட்டுவிடு, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று காதோரம் சொன்னான். நெடுஞ்செழியன் பேனாவை எடுத்தான். ஊருக்கே தெரிந்ததை ஒரு தாளிடம் மறைப்பது அவனுக்கு அபத்தமாகப் பட்டது. உண்டு என்ற கட்டத்தில் குறியிட்டு, புதுச்சேரி மருத்துவரின் கடிதத்தையும் அட்டையையும் சேர்த்து நீட்டினான்.

உள்ளே இருந்த பெண் மருத்துவர் அட்டையைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முப்பது நாளும் இருக்கு. நடுவுல நாலு நாள் மட்டும் மத்தியானத்துல தூங்கியிருக்கீங்களே, நைட் ஷிஃப்ட்டா?"

"இல்லீங்க மேடம். கல்யாண மண்டபம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவன் சொன்னான். பிறகு, இரண்டு ஆண்டுக்குக் கொடுக்கும் சான்றை ஓர் ஆண்டுக்கு மட்டும் கொடுத்தார். எந்திரத்தோடுதான் கப்பலேற வேண்டும், அடுத்த ஆண்டும் அட்டையைக் காட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். தகுதி உண்டு என்ற சொல்லை நெடுஞ்செழியன் படி இறங்கும்போது இரண்டு முறை படித்தான். ஏஜென்ட் ஒரு முறைகூடப் படிக்கவில்லை; அடுத்த ஆளிடம் காதோரம் பேசப் போய்விட்டான்.

இப்போது அவன் கடலில் இருக்கிறான். நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னலில்லாத ஊழியர் அறையில், கீழ்ப் படுக்கை அவனுக்கு. திரைக்கு உள்ளே எந்திரம் மெல்ல ஓடுகிறது. மேல் படுக்கைக்காரன் முதல் வாரம் அதைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் சலவைப் பிரிவில் வேலை செய்யும் தன் நண்பனைக் கூட்டிவந்தான். அந்த நண்பன் போன ஒப்பந்தத்தில் இஸ்திரி எந்திரத்தின் முன் தூங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன். நெடுஞ்செழியன் அவனைத் தன் படுக்கையில் தூங்கச் சொல்லிவிட்டு, குறட்டை அறுந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணத் தொடங்கினான்.