தொட்டிலைக் கடித்துப் பார்த்தேன்

என் மகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த சமயத்தில் எங்கள் திருக்கோகர்ணம் வீட்டில் கடிபடாத பொருளே கிடையாது. நாற்காலிக் கால், ஜன்னல் விளிம்பு, என் முழங்கை என எல்லாவற்றிலும் அவள் எச்சில் இருந்தது. அப்போதுதான் ஆசாரி மரத்தொட்டிலைச் செய்து கொண்டுவந்து இறக்கினார். பூச்சு மட்டும்தான் பாக்கி.

"வார்னிஷ் கீர்னிஷ் எதுவும் வேணாங்க. இவ எதையும் வாயில வச்சுத்தான் பாப்பா" என்றாள் மனைவி.

பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாக்களையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்தேன். முகரக் கூடாது, கண்ணில் படக் கூடாது, உட்கொள்ளக் கூடாது.

"உட்கொள்ளலாம்னு போட்டது ஏதாவது இருக்குதுங்களா?"

ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு அங்கிட்டு ஓட்டல் இருக்கு சார்."

கடைசியில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் வாங்கினேன். சீக்கிரம் காய்வதற்கு மருந்து கலந்த எண்ணெயும் இருந்தது, வேண்டாம் என்றுவிட்டேன். அதனால் பூசி முடித்த தொட்டில் வாரக்கணக்கில் மாடியறையில் காய்ந்தது.

ஒருவழியாகக் கூடத்துக்கு இறக்கிய அன்றும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பிள்ளை கடிப்பதற்கு முன்னால் அப்பன் கடித்துப் பார்ப்பதுதானே நியாயம்? மண்டியிட்டு மேல்சட்டத்தைக் கவ்வினேன். அந்த நேரம் பார்த்து அன்னவாசலிலிருந்து வந்த மாமியார், கையில் பலாப்பழத்தோடு, வாசலில் நிற்கிறார்.

"ஏத்தா, ஒன் வீட்டுக்காரருக்கு நேரத்துக்குச் சோறு போடுறியா இல்லையா?"

எவ்வளவோ விளக்கினேன். எடுபடவில்லை. சாயங்காலத்துக்குள் சேதி ஊருக்கு எட்டிவிட்டது. சின்ன மாமனார் போன் செய்து, "மாப்ளே, ஆபீஸ்ல எதுவும் பிரச்சனையா?" என்று ரொம்பவும் மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தால், மாமியார் தொட்டில்மேல் குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் பண்ணாது மாப்ளே. புள்ளையத் தூக்கிட்டு வாங்க."

மகளை உள்ளே நிறுத்தினோம். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆழமாக ஒரு கடி கடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு எதிர்ப்பக்கம் தத்தித் தத்திப் போய் அங்கேயும் கடித்தாள்.

அவளுக்கு வயிற்று வலியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஒரு வாரத்தில் சட்டம் முழுக்கப் பல் தடம். எண்ணெய் மிச்சம் இருந்ததால் புத்தக அலமாரிக்கும் பூசிவிட்டேன்.