டாக்டரம்மா கேட்டது நாலு கிலோ

போன வாரம் ஒரு டாக்டர் என்னிடம், "ஆறு மாசத்துல மூணு கிலோ குறைங்க, உங்க வயசுக்கு அது போதும்," என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, "மூணெல்லாம் ஒரு கணக்கா டாக்டர், பதினஞ்சுன்னு போடுங்க," என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார், நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டேன். இரண்டு பேருமே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அம்மா செத்துப்போன வயது இப்போது எனக்கு. அம்மாவுக்கும் இப்படித்தான் ஒருத்தர் நியாயமாக ஓர் எண்ணைச் சொன்னார். அந்த எண் எங்கள் வீட்டில் யாருக்கும் போதவில்லை.

போடியில் எங்கள் வீடு. அப்பா மலைமேல் ஏலக்காய் ஸ்டோர் வைத்திருந்தார். ஸ்டோர் என்றால் கடை இல்லை. தோட்டங்களிலிருந்து வரும் பச்சைக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, விறகுச் சூட்டில் உலர்த்தி எடுக்கிற கட்டடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வேலையாட்களை ஏற்றிப் போகிற ஜீப்பில் அவரும் விடியுமுன் ஏறிப் போய்விடுவார். ஒரு கை பச்சைக்காயை அள்ளிப் பார்த்தே இந்த லோடில் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார், பிசகாது. அஞ்சு கிலோ பச்சைக்காய் உள்ளே போனால் ஒரு கிலோதான் வெளியே வரும். மிச்சமெல்லாம் தண்ணீர், ஆவியாகப் போய்விடும். பொழுதுக்கும் அதையே பார்த்துப் பார்த்து, எடை என்பது ஒரு நாள் சூட்டில் இறங்கிவிடுகிற சமாச்சாரம் என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. காய் இறங்குகிறது, பெண்டாட்டி ஏன் இறங்கமாட்டாள் என்பது அவர் கட்சி.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு மாதவிலக்கு நிற்காமல் போனது. என்னிடம் அம்மாவுக்கு வயிற்றுவலி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அம்மா தேனிக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்த டாக்டரம்மா, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். சர்க்கரை கூடுதலாக இருந்தது. எடை எண்பத்திரண்டு.

"இருபது முப்பதுன்னு ஆசைப்படாதீங்கம்மா, அது முடியாத காரியம். நாலு கிலோ குறைங்க. நாலு மாசம் எடுத்துக்கங்க. சோத்தைப் பாதியாக்குங்க, தெனம் கொஞ்சம் நடங்க. சர்க்கரையும் தன்னால எறங்கும். எறங்கின உடனே ஆபரேசன் பண்ணிரலாம். அதுக்கு மேல தள்ளிப்போட வேணாம்," என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவின் முகத்தில் அப்படியொரு தெளிச்சி. ஆபரேசன் என்று சொன்னதற்கு அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ ஜன்னல்பக்கம் பார்த்துக்கொண்டு, "விரலுக்குத் தக்க வீக்கம்னு சொல்லுவாகல்லடி, அந்தம்மா அப்படிக் கேட்டுச்சு பாத்தியா. நாலு கிலோன்னா செஞ்சுரலாம்," என்றாள். செய்யக்கூடிய ஒன்றை அவளிடம் யாராவது கேட்டது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

அன்றைக்கு தேவாரத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் மகனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா சொன்னதைக் கேட்டு அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நாலு கிலோவா? ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. இதச் சொல்றதுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு பஸ்சு சார்ஜு வேற."

அத்தை, "தம்பி, எம்மகன் கல்யாணத்துக்கு நாலு சனம் வரும். மாப்ள வீட்டுத் தாய்மாமன் பொண்டாட்டின்னா எல்லாரும் பாக்கத்தான் செய்வாக," என்றாள். அத்தை ஒன்றும் ஒல்லி இல்லை. ஆனால் பையனைப் பெற்றவள், பார்க்கிறவர்கள் பாராமல் போவார்கள் போலிருக்கிறது.

அப்பா ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். "இருபது கிலோ. தைக்குள்ள. அறுபத்திரண்டுக்கு வந்தப்பறம் ஆபரேசனப் பாப்போம். கொழுப்ப வச்சுக்கிட்டு வயித்தக் கிழிச்சா தையல் எப்படிக் கூடும்?"

கொழுப்பைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கேட்காத கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்வது வழக்கம்.

அம்மா நடக்க ஆரம்பித்தாள். ரோட்டில் நடக்க அத்தை விடவில்லை. "பொம்பள கைய வீசிக்கிட்டு நடந்தா ஊரு என்ன பேசும்?" என்றாள். அதனால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நான் ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சாயங்கால வடையை நிறுத்தினாள். எங்களுக்கெல்லாம் சுட்டுப் போட்டுவிட்டுத் தான் மட்டும் மோர் குடித்தாள். ஏறி நிற்கிற எடை மெஷின் ஒன்றை அப்பா வாங்கிக் கூடத்தில் போட்டிருந்தார். அதில் எண் மெதுவாக இறங்கியது. ஆவணி பிறந்தபோது எண்பது.

அப்பாவுக்குப் பொறுமை இல்லை. "இந்த வேகத்துல போனா பேரன் கல்யாணத்துக்குத்தான் கொறைவ," என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் ஜீப்பில் ஏற்றி ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். எதற்கு என்று சொல்லவில்லை. போடிமெட்டு வளைவுகளில் அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். மூட்டை நிறுக்கிற தராசில், காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால், அம்மாவை ஏறி நிற்கச் சொன்னார். பிறகு உலர்த்துகிற அறைக் கதவைத் திறந்தார். காலையில்தான் உலர்ந்த லோடை வெளியே எடுத்திருந்தார்கள். சூடு இன்னும் முகத்தில் அறைந்தது. காலித் தட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, "உக்காரு. நல்லா வேர்க்கட்டும்," என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்களைப் பார்த்தாள். போய் உட்கார்ந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து காய் பொறுக்கினார்கள். அவர்களில் வயதான ஒருத்தி, மலையிலேயே மலையாளம் பேசி வளர்ந்தவள், செம்பை எடுத்துக்கொண்டு எழுந்து, "மொதலாளி, சேச்சிக்கு இத்திரி வெள்ளம் குடுத்துரட்டா? பாவம்," என்றாள்.

"தண்ணி குடுத்தா வந்த சோலி கெட்டுப்போகும். நீ ஒன் சோலியப் பாரு," என்றார் அப்பா.

அம்மா வெளியே வரும்போது சேலை நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தராசு எழுபத்தெட்டரை காட்டியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீகளா, ஒரு மத்தியானம். படிச்ச டாக்டரு மாசக்கணக்குல சொல்லுது," என்று எல்லோரிடமும் சொன்னார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. கீழே வந்ததும் அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். மறுநாள் கூடத்து மெஷினில் பழையபடி எண்பது.

"ராத்திரி எந்திரிச்சு என்னத்தத் தின்ன?" என்று கேட்டார் அப்பா.

"தண்ணிதாங்க குடிச்சேன்."

"தண்ணிக்கு ஒன்றரை கிலோவா? யாருகிட்டக் கதைவிடுற?"

கேட்டது யார் பாருங்கள். தண்ணீரை வற்ற வைத்தே காலம் முழுக்கச் சோறு தின்ற மனுசன்.

அதற்குப் பிறகு அம்மா ஸ்டோர் பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டாள். மாடியில் நடப்பதை மட்டும் விடவில்லை. புரட்டாசியில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீ வாசி," என்றாள். எழுபத்தெட்டு. இறங்கி மறுபடி ஏறினாள். எழுபத்தெட்டுதான். என் கன்னத்தைக் கிள்ளி, "நாலு கிலோடி," என்றாள். அன்றைக்கு அவள் சமைக்கும்போது பாடினாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாடவெல்லாம் இல்லை. ஆனால் அப்பா வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "அந்தம்மா சொன்ன எடைக்கு வந்துட்டேங்க. ஒரு நாளு வந்திங்கன்னா ஆபரேசனுக்குத் தேதி வாங்கிரலாம்."

"இன்னும் பதினாறு கிலோ கெடக்கு."

"அது நீங்க சொன்னது. அவுக கேட்டது நாலுதான்."

"காய் வரத்து இருக்கும்போது ஆஸ்பத்திரியில போயி உக்காரச் சொல்றியா?"

"நீங்க வராட்டியும் பரவால்ல, எங்கண்ணனைக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

அதுதான் தப்பாகிப்போனது. பொண்டாட்டிக்குக் கையெழுத்துப் போட மச்சினன் வர வேண்டுமா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று தட்டோடு எழுந்துபோனார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அம்மாவும் திரும்ப எடுக்கவில்லை.

ஐப்பசியில் அம்மா மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முடியவில்லை என்றாள். ஆனால் எடை நிற்கவில்லை. நடக்காமலே இறங்கியது. எழுபத்தைந்து, எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு என்று கார்த்திகைக்குள் போய்விட்டது. நான்தான் காலையில் எண்ணை வாசிப்பேன். அப்பாவுக்கு அந்த நாட்களில் அம்மாமேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. "சொரணை வந்தா தன்னால கொறையும்னு சொன்னேன்ல," என்று அத்தையிடம் போனில் சொன்னார். அம்மாவுக்குச் சோற்று வாசனையே பிடிக்கவில்லை. அதையும் வைராக்கியம் என்றார்கள்.

தை மாதம் அறுபத்திரண்டு காட்டிய அன்றைக்கு அப்பா அம்மாவுக்கு அரக்குக் கலரில் ஒரு பட்டுச்சேலை எடுத்துவந்தார். கேட்காமல் அவர் எடுத்துக்கொடுத்த ஒரே சேலை. தேவாரத்தில் கல்யாண வீட்டில் எல்லோரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பதினைந்து வயது குறைந்ததுபோல இருக்கிறது என்றாள் ஒருத்தி. என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள் இன்னொருத்தி. எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. "எங்கம்மா ஒண்ணுமே சாப்பிடாது," என்று சொன்னேன். அம்மா பந்திக்கு வராமல் மணமேடைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் முடிந்த வாரம் அப்பாவே எங்களைத் தேனிக்குக் கூட்டிப்போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். டாக்டரம்மா அம்மாவை எடை பார்த்தார். பழைய சீட்டைப் பார்த்தார். மறுபடி அம்மாவை ஏறி நிற்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நான் நாலு கிலோதானம்மா கேட்டேன்," என்றார்.

"நாங்க இருபதாக் கொறச்சுட்டோம் டாக்டர்," என்றார் அப்பா.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும், நாளைக்கே போக வேண்டும் என்று அம்மாவிடம்தான் சொன்னார். அப்பாவை மட்டும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு எங்களை வெளியே உட்காரவைத்தார். வெளியே வந்த அப்பா எங்களைத் தாண்டி நேராக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

எனக்கு ஒரே பெருமை. கேட்டது நாலு, எங்கள் அம்மா கொடுத்தது இருபது. பஸ்ஸில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரே அசந்துபோயிட்டாகல்லம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாடி," என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். முன்பெல்லாம் அவள் சாய்ந்தால் எனக்குத் தோள் வலிக்கும். அன்றைக்குக் கனமே தெரியவில்லை. அதையும் நான் நல்லது என்றே நினைத்துக்கொண்டு, போடி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.